தொழிற்சங்கத்துக்குள் போட்டி அணி கிளம்பினால்

முதலில் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதை நிறுத்துங்கள், ஸ்கிரீன்ஷாட் அன்றைக்கே ஹெச்ஆர் மேசைக்குப் போய்விடும். அப்புறம் சந்தா ரசீதுப் புத்தகத்தை எடுங்கள். யார் உறுப்பினர் என்பதற்கு அந்த அடிக்கட்டைதான் சாட்சி, கூட்டத்தில் விழும் கைதட்டல் இல்லை. 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, பல சங்கங்கள் இருக்கும் ஆலையில் மஸ்டர் ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு இருந்தால்தான் ஒரு சங்கம் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தலாம், இல்லையென்றால் 20 சதவீதமாவது வைத்திருப்பவர்கள் சேர்ந்த குழுதான். அதாவது 60 சதவீதம் வைத்திருந்த சங்கம் சரிபாதியாக உடைந்தால் இரண்டு அணிக்கும் தனிக்குரல் போச்சு. இதை எதிரணிக்காரரிடம் டீக்கடையில் கணக்குப் போட்டே காட்டுங்கள். வரவு செலவு கேட்கிறார்களா, சரி, கொடுத்துவிடுங்கள். பிறகு துணைவிதிப்படி நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு, ரகசிய வாக்கெடுப்பு. மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், இரண்டு அணியும் கையெழுத்துப் போடட்டும்.