நாவல் ப்ராஜெக்ட்: சார்ட் வாங்கும் முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாவல் ப்ராஜெக்ட் என்று டீச்சர் சொன்ன அன்றைக்கே ஸ்டேஷனரி கடையில் கூட்டம் கூடிவிடும். சார்ட், தெர்மாகோல், ஜிகினா பேனா, கலர் பிரிண்ட் எடுத்த நடிகர் படம் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் புத்தகத்தின் நினைவு வரும். தலைப்பு கொடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கதைச்சுருக்கம் மட்டும் படித்த பிள்ளையாலும் இதைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் தலைப்பை மாற்றுங்கள். ‘கதாபாத்திரங்கள் ஆல்பம்’, ‘ஆசிரியர் வாழ்க்கை வரலாறு’ இரண்டும் இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

பெரும்பாலான பள்ளிகள் எடுப்பது பொன்னியின் செல்வன் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

முதல் தவறு, அளவு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாவல் அது, ஐந்து பாகம். ஒரு பருவத்துக்குள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை முடிக்காது. முதல் பாகமான ‘புது வெள்ளம்’ மட்டும் போதும். 57 அத்தியாயம், நாளுக்கு இரண்டு என்றால் ஒரு மாதம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதனால் புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்கு செல்லாது.

அடுத்தது, குழுவில் ஐந்து பேர் என்றால் அத்தியாயங்களை ஆளுக்குப் பதினொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வது. யாருமே கதையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு துண்டு கையில் இருக்கும். படிப்பதைப் பிரிக்காதீர்கள், குறிப்பெடுப்பதைப் பிரியுங்கள். ஐந்து பேரும் முழுப் பாகத்தையும் படிக்க வேண்டும். ஒருவர் ஊர்களை மட்டும் குறிப்பார், ஒருவர் ஆறு, குளம், வானிலை, இன்னொருவர் சாப்பாடும் உடையும், நான்காமவர் உரையாடல். ஐந்தாவது பிள்ளைக்கு ஒரே வேலை: எந்த ரகசியம் எந்த அத்தியாயத்தில் யாருக்குத் தெரிய வந்தது. இந்தக் கடைசிப் பட்டியல்தான் பின்னால் எல்லோருக்கும் கைகொடுக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் எளிதில் மாட்டிக்கொள்வார்கள். 2022, 2023 படங்களில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. நாவலில் கடைசியில் முடிசூடுவது சேந்தன் அமுதன்; படத்தில் அப்படி இல்லை. படத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை. ‘படம் எதை விட்டது, விட்டதால் எந்தக் காட்சி காரணமில்லாமல் நிற்கிறது’ என்று கேட்டால் அதுவே நல்ல ப்ராஜெக்ட்.

நாட்குறிப்பு எழுதச் சொல்லும்போது அதே சேந்தன் அமுதன் இடறிவிடுவான். முதல் பாகத்துக்கான நாட்குறிப்பில் தன் பிறப்பைப் பற்றி அவனே ஜாடையாக எழுதிவிடுவான். எழுதுகிற பிள்ளைக்கு முடிவு தெரியுமே! ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று வரி போடச் சொல்லுங்கள்: எத்தனையாவது அத்தியாயம், அதுவரை இவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. மூன்றாவது வரியை எழுத முடியாமல் திணறினால், பிள்ளை சுருக்கத்தைத்தான் படித்திருக்கிறது.

வரைபடம்தான் எங்கள் கணக்கில் சிறந்த ப்ராஜெக்ட். அதைக் கெடுப்பது கூகுள் மேப் பிரிண்ட். இன்றைய நெடுஞ்சாலை மேல் சிவப்பு ஊசி குத்தினால் கதைநாயகன் வந்தியத்தேவன் பேருந்தில் போன மாதிரி இருக்கும். முழு சார்ட்டில் முதலில் பென்சிலால் கடற்கரைக் கோடு, பிறகு நீலத்தில் கொள்ளிடமும் காவிரியும் கிளைகளும், அதன் பிறகே ஊர்கள், கடைசியில் பயண வழி. கதை ஆடிப் பதினெட்டு அன்று, நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் வரும் நேரத்தில் தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கு 74 கணவாய் (தண்ணீர் திறக்கும் மதகு) என்று முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. ஆறுகளை வரையாமல் அந்தப் பயணத்தை வரைய முடியாது. ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை என்று ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அத்தியாய எண் இருக்க வேண்டும், எண் இல்லாத புள்ளிக்கு மதிப்பெண் இல்லை. தஞ்சையைத் தாளின் நடுவில் வைத்துத் தொடங்குவது இன்னொரு வழக்கமான பிழை. வடக்கே காஞ்சியும் மாமல்லபுரமும் இடம் கேட்கும். இரண்டாம் பாகத்தையும் சேர்த்தால் கோடிக்கரையும் இலங்கையும் தாளை விட்டு வெளியே போய்விடும்.

மாடல் செய்பவர்களுக்கு: சுந்தர சோழர் காலத்துத் தஞ்சைக் கோட்டைக்குள் பெரிய கோயில் விமானத்தை வைக்காதீர்கள். அதைக் கட்டிய ராஜராஜன் நாவலில் இன்னும் இளவரசன் அருள்மொழி. கோயில் முடிந்தது 1010இல். நம் ஊர்ப் பிள்ளைகள் கூடுதலாக ஒன்று செய்வார்கள். அரண்மனைக்குப் பர்மாத் தேக்குத் தூண் நிறுத்தி, தரையில் ஆத்தங்குடி கல் டிசைனை ஒட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது சோழ அரண்மனை இல்லை, கானாடுகாத்தான் வளவு, அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீடு. அளவுக்கு 1:50 வசதி. ஐந்தரை அடி ஆள் சுமார் 3.3 சென்டிமீட்டர் பொம்மை ஆவார். பொம்மையை முதலில் செய்துகொண்டு வாசலையும் மதிலையும் அதை வைத்து அளந்தால், வாசலை விட ராஜா உயரமாக நிற்க மாட்டார். தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அந்த இடம் கரைந்து குழி விழும். போஸ்டர் கலரும் ஃபெவிகாலும் போதும்.

உணவுத் திருவிழா வைத்தால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் மேஜைக்கு வரக் கூடாது. போர்ச்சுகீசியர் வந்த பிறகு நம் அடுப்புக்கு வந்தவை அவை. மிளகு, சீரகம், புளி போதும். ஆச்சிமார் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நாடகம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கடம்பூர் நள்ளிரவுச் சதிக் கூட்டத்தை எல்லோரும் போடுவார்கள், பழுவேட்டரையருக்குப் பெரிய மீசையும் ஒட்டுவார்கள். ஆனால் அந்தக் காட்சியை நாம் பார்ப்பதே மறைந்திருக்கும் வந்தியத்தேவனின் கண் வழியாகத்தானே? அவனை மேடையில் முன்னால் ஓரத்தில் வைத்து, சதிகாரர்களைப் பின்னால் மங்கல் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மதில் மேல் தெரியும் ஆழ்வார்க்கடியான் தலையை விட்டுவிடாதீர்கள்.

சோழ நாட்டோடு நிற்க வேண்டியதும் இல்லை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்த சிறிய நாவல். பினாங்கு லேவாதேவிக் கடை (வட்டிக்கடை), ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்து திரும்பும் செல்லையா, முதலாளி மகள் மரகதம். மேல்நிலை வகுப்புக்குப் பொருத்தம், இங்கே பாதி வீடுகளில் அதற்கான சான்று டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அங்கேதான் பெரிய சேதமும் நடக்கிறது. ஐயா (தாத்தா) பினாங்கிலிருந்து போட்ட கடிதத்தை ஆல்பத்தில் ஃபெவிகால் தடவி ஒட்டுவது, பழைய கணக்கு நோட்டை லேமினேட் செய்வது. இரண்டையும் திரும்ப எடுக்க முடியாது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனில் படம் எடுத்து அந்தப் பிரிண்ட்டை ஒட்டுங்கள். அசல் பெட்டிக்கே திரும்பட்டும். பேரேட்டுப் பக்கத்தைக் காட்டுவதாக இருந்தால் கடன் வாங்கியவர் பெயரைப் பிரிண்ட்டில் மறையுங்கள். அவர் பேரன் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

பேட்டிக்குப் போகும்போது “மலாயா வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதுதான். நாவலில் படித்ததைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்: “ஆயா, ஐயா மொதக் கணக்குக்குப் போனப்ப என்ன வயசு? கப்பல் எங்க ஏறுனாக? கிட்டங்கியில எங்க படுத்துக்குவாக? சண்டை வந்த வருசங்கள்ல கடுதாசி வந்துச்சா?” (ஆயா என்றால் பாட்டி; கணக்கு என்பது வெளிநாட்டுக் கடையில் வேலை பார்க்கும் ஒப்பந்தக் காலம்; கிட்டங்கி, கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்.) எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே, நாவலில் அதை ஒத்த இடம் அல்லது முரண்படும் இடத்தின் பக்க எண்ணை எழுத வேண்டும். முரண்படும் இடங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

மதிப்பெண் 20 என்றால், நூலிலிருந்து காட்டும் சான்றுக்கு 8, அதிலிருந்து சொல்லும் காரணத்துக்கு 6, செய்நேர்த்திக்கு 4, பேசுவதற்கு 2. இதை ப்ராஜெக்ட் கொடுக்கும் நாளிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால், ஜிகினாவுக்குச் செலவழித்த அப்பாக்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள்.