தூண்டில் கட்டணம் ஆற்றுக்கே திரும்ப வேண்டுமா? மகஜரை இப்படி எழுதுங்கள்

பினாங்கின் பிறை ஆற்றில் ஊடாங் காலா என்னும் பெரிய நன்னீர் இறால் பிடிக்க அப்பாவோடு முதன்முதலில் படகேறியபோது எனக்குப் பத்து வயது. மதியத்துக்குள் வாளி நிறைந்துவிடும். இப்போது என் மகனோடு போகிறேன். விடியலிலிருந்து காத்திருந்தால் இரண்டு இறால் மாட்டினாலே அதிகம். மீன்பிடிக் குளத்துக்குப் பணம் கட்டும் நாம், ஆற்றுக்கும் கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் ஆற்றுக்கே வர வேண்டும். உங்கள் தூண்டில் சங்கமும் இதைக் கேட்க நினைத்தால், எங்கள் அனுபவம் உதவும்.

மகஜர், அதாவது கோரிக்கை மனு, போக வேண்டிய இடம் பினாங்கு மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், ஆற்று மீன்பிடிப்பும் ஆமைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வேட்டை உரிமம் வேறு கதை. அது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பார்க்கும் வேலை. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

பணம் எந்த வழியாகப் போகும் என்ற பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். அரசியலமைப்பின் 97ஆவது விதிப்படி, மாநிலத்தின் வருமானம் பொதுவாக மாநிலத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. அதில் கலந்த பிறகு, நீங்கள் கட்டிய பத்து ரிங்கிட் சாலைக்குப் போனதா, சம்பளத்துக்குப் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் கோரிக்கை கட்டணம் அல்ல. தனி 'அமானா' கணக்கு, அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்கென ஒதுக்கிய அறக்கட்டளைக் கணக்கு. 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டம் இப்படிப்பட்ட கணக்குக்கு இடம் தருகிறது. கணக்கு திறந்த பிறகே வசூல் என்று அழுத்தமாக எழுதுங்கள்.

முன்னுதாரணம் கேட்பார்கள். அமெரிக்காவில் 1937இல் வந்த சட்டம் ஒன்று, துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. 1950இல் தூண்டில் சாமான்களுக்கும் அதே வழி வந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிலுள்ள நிபந்தனையை: வேட்டை உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்த நிதியில் பங்கு கிடையாது.

செலவுப் பட்டியலைப் பொதுவாக விட்டால் விளம்பரப் பலகைக்கும் விருந்துக்கும் போய்விடும். நாங்கள் இறாலின் வாழ்க்கையை வைத்தே எழுதினோம். ஊடாங் காலா நன்னீரில் வளர்ந்தாலும், அதன் குஞ்சு பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும். சினை இறால் முகத்துவாரம் நோக்கி இறங்குகிறது. மேலே குஞ்சு விட்டுவிட்டுக் கீழே சதுப்புநிலக் காட்டை அழியவிட்டால் எல்லாம் வீண். எனவே கரையோரச் சதுப்புமரங்கள், நீர்ப் பரிசோதனை, மின்சாரம் பாய்ச்சியும் விஷம் கலந்தும் பிடிப்பவர்களைத் தடுக்கும் ரோந்து ஆகிய மூன்றுக்கு மட்டுமே பணம் கேட்டோம்.

ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கும், மூங்கில் கோலோடு கரையில் உட்காரும் முதியவர்களுக்கும் விலக்குக் கேளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

உறுப்பினர்கள் பிடித்ததை ஓராண்டாவது குறிப்பேட்டில் எழுதி இணையுங்கள்: தேதி, இடம், எண்ணிக்கை, எடை. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுத வேண்டும். மகஜர் மலாயில் இருக்கட்டும். இரண்டு பிரதிகள் எடுங்கள். எங்களுடைய முதல் மகஜர் ஓர் அலுவலகத்தில் காணாமலே போய்விட்டது. உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் விழும்வரை முகப்பை விட்டு நகராதீர்கள்.