முதலில் காற்று, அப்புறம் தண்ணீர்: உயர்ரக கேமிங் பிசிக்குப் பாகங்களும் கூலிங்கும் தேர்ந்தெடுப்பது எப்படி

உயர்ரக கேமிங் பிசி கட்டப் போகிறேன், எந்த வாட்டர் கூலர் போடலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: கேபினெட்டின் முன்பக்கம் வலையா, கண்ணாடியா? பிராசசர் கூலரைப் பற்றிக் கேட்டால் இவன் ஏன் பெட்டியைப் பற்றிப் பேசுகிறான் என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

பிசி சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட மொத்தமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு 575 வாட் வரை இழுக்கும். கேமிங்குக்கு இப்போது பலரும் எடுக்கும் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசருக்கு ஏஎம்டி போட்டிருப்பது 120 வாட். பெரும்பாலான கேம்களில் அது 100 வாட்டுக்குக் கீழேயே ஓடும். அதாவது மொத்தச் சூட்டில் ஆறில் ஐந்து பங்குக்கும் மேல் கிராபிக்ஸ் கார்டினுடையது. ஆனால் நாம் 360 மி.மீ. ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) உள்ள வாட்டர் கூலர் வாங்கி மாட்டுவதோ மீதியிருக்கும் அந்தச் சின்னப் பங்குக்கு. கார்டுக்குக் காற்று வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

என் முதல் பெரிய பிசியில் இதே தவறு நடந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு விரல்கடை இடைவெளி, அதற்குப் பின்னால் வண்ண விளக்கு ஃபேன் மூன்று. பிராசசர் 60 டிகிரியில் நிம்மதியாக இருந்தது, கார்டு மட்டும் 83 டிகிரியில் கத்திக்கொண்டே இருந்தது. கார்டில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை ஓட்டினேன்: 74. பழுது எதுவும் இல்லை, மூச்சுத் திணறல்தான். இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். கதவைத் திறந்ததும் கார்டின் வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட் போதுமான காற்றைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

அதனால் என் வரிசை இதுதான்: மானிட்டர், கார்டு, கேபினெட், அதற்கப்புறம் மற்றதெல்லாம்.

மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள் என்று சொல்வது அதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால். 2560×1440 திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல், 4கே திரையில் சுமார் 83 லட்சம், அதாவது 2.25 மடங்கு வேலை. 4கே-யில் எல்லா செட்டிங்கையும் உயர்த்தி ஆடுபவருக்குப் பிராசசர் பெரும்பாலான நேரம் கார்டுக்காகக் காத்திருக்கும், அதனால் பணம் கார்டில் போக வேண்டும். 1440-ல் 240 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவருக்குக் கதை வேறு. ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லி செகண்டுதான் கிடைக்கிறது, அதற்குள் பிராசசர் தன் கணக்கை முடித்தாக வேண்டும், அங்கே நல்ல பிராசசர் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கார்டும் பாதி தூங்கிக்கொண்டிருக்கும்.

கார்டில் பார்க்க வேண்டியது வேகம் மட்டுமில்லை. 4கே-க்கு 16 ஜிபி மெமரிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். நீளத்தையும் தடிமனையும் அளந்து பாருங்கள். கேபினெட்டில் இவ்வளவு நீளக் கார்டு கொள்ளும் என்று போட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாத நிலைக்குத்தான். சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., இரண்டும் சேர்ந்து 52 மி.மீ. விழுங்கிவிடும். மூன்று ஸ்லாட்டுக்கு மேல் தடிமனான கார்டு என்றால் அதன் எடையைத் தாங்க அடியில் ஒரு முட்டும் வேண்டும்.

பிராசசர் விஷயத்தில் கேம் மட்டுமே நோக்கம் என்றால் எக்ஸ்3டி வகைதான் என் தேர்வு. கேம்கள் திரும்பத் திரும்பத் தொடும் தகவல், ரேம் வரை போகாமல் பிராசசருக்குள்ளேயே கிடைக்கும்படி 96 எம்பி எல்3 கேஷ் வைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யிலும் 2023-ல் வந்த 7800எக்ஸ்3டி-யிலும் அந்தக் கூடுதல் கேஷ் கோர்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது, போர்வை போர்த்திய மாதிரி, சூடு மேலே ஏறச் சிரமப்பட்டது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கீழே தள்ளி கோர்களை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் குளிர்விப்பது எளிதாகிவிட்டது. இதற்கு 360 ரேடியேட்டர் கட்டாயமே இல்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மிகை வோல்டேஜால் நாளடைவில் நிலையிழக்கும் பிரச்சினை அவற்றில் உண்டு, அதற்கான திருத்தத்தை இன்டெல் 2024-ல் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாகக் கொடுத்தது. அதைப் போடாமல் அந்தப் பிராசசரை ஓட்டாதீர்கள்.

ரேம்: ஏஎம்5 மேடைக்கு (9800எக்ஸ்3டி உட்காரும் சாக்கெட்) டிடிஆர்5-6000, சிஎல்30 (தாமதத்தைக் காட்டும் எண், குறைவாக இருப்பது நல்லது), இரண்டு குச்சி. இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. அதே 6000-ல் சிஎல்40 என்று இருந்தால் ஏமாறாதீர்கள், முதலாவதின் தாமதம் 10 நானோ செகண்டு, இரண்டாவதின் தாமதம் 13.3. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகம் குறையும், அதனால் 32 அல்லது 64 ஜிபி-யை இரண்டு குச்சியிலேயே வாங்கிப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை (ரேமைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்ய மறந்தால் கொடுத்த காசுக்கான வேகம் வராது. முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் நேரம் அது, பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

மதர்போர்டில் பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பட்டன் இருக்கிறதா, இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கார்டின் ஸ்லாட் பாதி வேகத்துக்கு இறங்குகிறதா என்று மட்டும் கையேட்டில் பாருங்கள். எஸ்எஸ்டி நான்காம் தலைமுறை போதும், ஐந்தாம் தலைமுறை கேமில் கொடுக்கும் வித்தியாசத்தைவிட அது கக்கும் சூடு அதிகம்.

எஸ்எம்பிஎஸ்-ஸில், அதாவது பவர் சப்ளையில், மிச்சம் பிடிக்காதீர்கள். 5090-க்கு என்விடியா சொல்வது 1000 வாட், 5080-க்கு 850. கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை, கண நேரத்துக்குத் திடீரென்று எகிறும். ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதி 2022-ல் வந்ததே இதற்காகத்தான், 100 மைக்ரோ செகண்டுக்கு இரு மடங்கு சுமை வந்தாலும் சப்ளை தாங்க வேண்டும் என்கிறது. கோல்டு, பிளாட்டினம் என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும், உள்ளே இருக்கும் பாகத்தின் தரத்தைச் சொல்லாது. கார்டுக்குப் போகும் 16 முனை கனெக்டரை ஓர இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக அழுத்திச் செருகுங்கள், கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை வயரை வளைக்காதீர்கள். பாதி செருகிய நிலையில் இவ்வளவு மின்சாரம் ஓடினால் முனை உருகும், உருகியும் இருக்கிறது. அப்புறம் பழைய எஸ்எம்பிஎஸ்-ஸின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சப்ளை பக்கத்து முனைகளின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது, ஒரே நொடியில் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் எரிந்துபோகலாம்.

இனி கூலிங்.

கேபினெட்டின் முன்பக்கம் வலை, அதன் பின்னால் மூன்று 120 அல்லது இரண்டு மூன்று 140 மி.மீ. ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, மேலே பின்பக்கமாக இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். பிராசசருக்கு ஏர் கூலர் என்றால் மேலே முன்பக்கமாக வெளியே தள்ளும் ஃபேன் வைக்காதீர்கள், முன்னாலிருந்து வரும் புதுக் காற்றைப் பிராசசர் கூலருக்கு எட்டும் முன்பே அது உறிஞ்சி வெளியே எறிந்துவிடும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே இழுக்கப்படாது, வரும் தூசி ஃபில்டரிலேயே நிற்கும். ஃபேனைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், மாட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மதர்போர்டு பொதுவாகக் கேபினெட் ஃபேன்களைப் பிராசசரின் வெப்பத்தை வைத்து ஓட்டுகிறது. கேமில் பிராசசர் 60-ல் இருக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், பக்கத்தில் கார்டு வெந்துகொண்டிருக்கும். ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேபினெட் ஃபேன்களைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதை விடப் பெரியது ஒன்றுதான் இருக்கிறது: கார்டின் மின் வரம்பைக் குறைப்பது. 5090-ஐ 80 சதவீதத்தில் நிறுத்தினால் 115 வாட் சூடு குறைகிறது, எஃப்பிஎஸ் குறைவதோ ஒருசில சதவீதம்தான். அந்த வித்தியாசம் ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் குறைவது மட்டும் காதுக்கு நன்றாகவே தெரியும்.

பிராசசருக்கு ஏர் கூலரா, ஏஐஓ (பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகவே அடைத்து வரும்) வாட்டர் கூலரா? 9800எக்ஸ்3டி மாதிரியான பிராசசருக்கு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் தாராளம். கெட்டுப்போகக்கூடிய பாகம் ஃபேன் மட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம், மீதி வெறும் உலோகம். நாக்டுவா என்எச்-டி15 போன்றது 165 மி.மீ. உயரம், கேபினெட் அகலம் தாங்குமா, ரேம் குச்சி இடிக்குமா என்று பார்த்துக்கொண்டால் போதும். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பல கோர் பிராசசரில் கேமோடு வீடியோ ரெண்டரிங்கும் செய்பவருக்கு ஏஐஓ நியாயமானது. 280 மி.மீ. ரேடியேட்டரை ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டு 140 ஃபேனின் பரப்பு 392 சதுர செ.மீ., 360-ன் பரப்பு 432, 240-க்கோ 288 மட்டுமே.

ஏஐஓ-வை மாட்டும் விதம் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். ஆண்டுகள் போகப் போக டியூப் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்ளே காற்றுக் குமிழி சேரும், குமிழி எப்போதும் மேலே ஏறும். அந்த மேட்டுப் பகுதி பம்பாக இருந்தால் களகளவென்று சத்தம் கேட்கும், பம்ப் காய்ந்து சாகும். அதனால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்கூரையில் வையுங்கள், இடமில்லை என்றால் முன்பக்கம், ஆனால் அதன் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், டியூப்கள் கீழ்ப்பக்கம் வருவது நல்லது. ரேடியேட்டரைக் கேபினெட் தரையில் வைக்கவே வேண்டாம். மாட்டும் முன் கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

கஸ்டம் லூப், அதாவது கார்டும் பிராசசரும் ஒரே தண்ணீர்ச் சுற்றில் வருவது, எனக்கு மிகவும் பிடித்த வேலை. 575 வாட் கார்டைச் சத்தமில்லாமல் ஓட்ட அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. ஆனால் அது வெப்பத்துக்காகச் செய்வதைவிட அமைதிக்காகச் செய்வது என்று புரிந்துகொண்டு இறங்குங்கள், அறை வெப்பத்துக்குக் கீழே எந்தத் தண்ணீரும் இறங்காது. என் கணக்கு 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்புக்கு சுமார் 120 வாட், ஆக 700 வாட்டுக்கு இரண்டு 360. தண்ணீர் முதலில் பிராசசருக்குப் போகணுமா கார்டுக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 700 வாட்டும் சேர்ந்து தண்ணீரை 2.5 டிகிரிதான் ஏற்றும். முக்கியமான வரிசை ஒன்றே ஒன்று, பம்புக்கு முன்னால் தொட்டி, அதுவும் பம்பைவிட உயரத்தில். பம்ப் ஒரு நிமிடம்கூட வறண்டு ஓடக் கூடாது.

செம்பு பிளாக்கோடு (சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பாகம்) அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் உலோகங்களுக்கிடையே அரிப்பு ஆரம்பித்துவிடும், எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சாக இருக்கட்டும். புது ரேடியேட்டரை டிஸ்டில்டு வாட்டர் விட்டு நன்றாகக் குலுக்கிக் கழுவுங்கள், உள்ளே தயாரிப்புத் துகள் இருக்கும், அது பிளாக்கின் மெல்லிய வரிகளில் போய் அடைத்துக்கொள்ளும். முதல் முறை கட்டுபவர் மென் டியூபில் தொடங்கட்டும், பளபளக்கும் கடின டியூப் அடுத்த தடவை. தண்ணீர் ஊற்றும் முன் காற்றழுத்தச் சோதனை, ஊற்றியபின் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, எல்லா இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துச் சில மணி நேரம் ஓட விட்டு, தாள் காய்ந்திருந்தால் மட்டும் மற்றதை இணையுங்கள். ஃபேன்களைத் தண்ணீரின் வெப்பத்தை வைத்து ஓட்டினால் சத்தம் ஏறி இறங்காமல் சீராக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற நேரமில்லை என்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கட்டி முடித்ததும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள், விண்டோஸில் ஹெர்ட்ஸை உயர்த்துங்கள். பிறகு உங்களை அதிகம் சோதிக்கும் ஒரு கேமின் ஒரே இடத்தில் அரை மணி நேரம் ஓட விட்டு, கார்டின் வெப்பம், பிராசசரின் வெப்பம், அறையின் வெப்பம் மூன்றையும் எழுதி வையுங்கள். அறை வெப்பம் இல்லாமல் மற்ற இரண்டையும் ஒப்பிட முடியாது, 22 டிகிரி அறையில் 66 காட்டும் கார்டு 32 டிகிரி அறையில் 76 காட்டினால் அது பழுதில்லை. மூன்று மாதம் கழித்து அதே கேமின் அதே இடத்தில் மறுபடி எடுங்கள். அறையைக் கழித்தபின் ஏழெட்டு டிகிரி கூடியிருந்தால் முதலில் முன்பக்க ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டிப் பாருங்கள், தெர்மல் பேஸ்டை மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம்.