ரோவராக நடிக்கும் பெரியவருக்கு மூளை இருக்கக் கூடாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். வயது 5 முதல் 8 வரை. சாக்பீஸால் தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுவோம். பாண்டி ஆடப் பழகிய பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. அந்தக் கட்டம்தான் நிலா. வட்டம் போட்ட இடமெல்லாம் பள்ளம். அங்கங்கே கிடக்கும் பண்ருட்டிப் பலாக்கொட்டைகள் ரோவர், அதாவது நிலாத் தரையில் ஊர்ந்து ஆராயும் இயந்திர வண்டி, பொறுக்க வேண்டிய கற்கள்.

இது கணினிச் சிந்தனை பழக்கும் விளையாட்டு என்றதும் பெற்றோர் கேட்பது, "டேப்லெட் வாங்கணுமா?" வேண்டாம். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, தேவையில்லாததை ஒதுக்குவது, வரிசையாகச் சொல்வது, பிழையைத் தேடிப் பிடிப்பது, இவ்வளவுதான் விஷயம். இதற்குத் திரை வேண்டாம். கோள்களின் பெயரை ஒப்பிக்க வைப்பதும் இதில் சேராது. ஒப்பிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது மனப்பாடம்.

நான் செய்த பெரிய தவறு வேறு. ரோவராக நடிப்பது நான், கட்டளை சொல்வது பிள்ளைகள். "முன்னாடி போ" என்றாள் ஒரு சிறுமி. எத்தனை கட்டம் என்று சொல்லவில்லை. நானோ கல் இருக்கும் இடம் பார்த்துச் சரியாக இரண்டு கட்டம் போய் நின்றேன். "எடு" என்றாள். எதை என்று கேட்காமல் குனிந்து எடுத்தேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது. எல்லாரும் ஜெயித்தார்கள், யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இயந்திரம் நிரப்பாது.

இப்போது "போ" என்றால் மாடிச் சுவரில் முட்டும்வரை போவேன். முட்டிய பிறகும் நின்ற இடத்திலேயே கால் போட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அப்புறம்தான் "2 கட்டம் போ" என்று தானாக வரும். "எடு" என்றால் காற்றைப் பிடித்துச் சட்டைப்பையில் போடுவேன். ஒரே பிள்ளையிடம் இதை மூன்றாவது தடவையும் செய்யாதீர்கள், அழுதுவிடும். இரண்டு தடவைக்குப் பிறகு, "ரோவருக்கு எங்கே நிற்கணும்னு தெரியலையே" என்று எடுத்துக் கொடுத்தால் போதும்.

அடுத்தது இடம் வலம். பிள்ளை தப்பாகச் சொன்னால் "சாப்பிடுற கை எது?" என்று அதட்டுகிறோம். அதற்குத் தன் வலது கை தெரியும். எதிரே நிற்கும் என் வலது எது என்பதில்தான் குழப்பம். பிறர் நிற்கும் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது அந்த வயதில் சுலபமில்லை. என் வலது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டேன், பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி 'வலது' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சிலருக்கு அது திரும்புவது, சிலருக்கு அந்தப் பக்கக் கட்டத்துக்குத் தாவுவது. 'திரும்பு' வேறு, 'நட' வேறு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல நடப்பதையே தொடர்ந்தால் திட்டமிடவே பழக மாட்டார்கள். நிலாவுக்கு ரேடியோ சமிக்ஞை போய்ச் சேர ஒன்றேகால் நொடி போல ஆகும். செவ்வாய்க்கு, அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். அங்கே இருக்கும் ரோவரைப் பார்த்து "ஐயோ, நில்லு நில்லு" என்று கத்திப் பயனில்லை. ஆகவே கொஞ்சம் தேறியதும் எங்கள் மாடி செவ்வாயாகிவிடும். கட்டளை முழுவதையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுத வராதவர்கள் அம்புக்குறி போடலாம். முதலில் ஐந்து கட்டளைக்கு மேல் வேண்டாம்.

சீட்டில் 'நட, நட, நட, நட' என்று எழுதும்போது "4 தடவை நட என்று எழுதேன்" என்று முந்திக்கொள்ளாதீர்கள். கை வலிக்கட்டும். குறுக்குவழியை அவர்களே கேட்பார்கள்.

சீட்டில் பிழை வந்தால் ரப்பரால் அழிக்க விடாதீர்கள். குறுக்கே ஒரு கோடு போதும். எந்த வரியில் தடம் மாறியது என்று விரல் வைத்துத் தேட அந்தத் தப்பு வரி இருந்தாக வேண்டும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். "நீயும் அவரைப் போல வரணும்" என்று பிள்ளையிடம் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம், பிழையை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்வதில்லை. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் (தரையிறங்கும் கலம்) நிலவில் மோதியது. அடுத்த முறை என்னென்ன தப்பாகப் போகலாம் என்று யோசித்து, அதற்கேற்பச் சந்திரயான்-3ஐ வடிவமைத்தார்கள். இறங்கும் இடத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது. நான்கு நாள் கழித்து, அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ரோவருக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள், திரும்பியது. பின்னால் போவது தோல்வி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் சாக்பீஸ் கோடு நிற்காது. அப்போது கூடத்துக்கு வந்துவிடுவோம். டைல்ஸ் தரையில் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பள்ளத்துக்கு மட்டும் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தால் ஆயிற்று.