வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள்

கையில் பணமில்லாத ஒருவர் உங்களிடம் வந்து "எனக்கு எப்படியாவது நியாயம் வாங்கிக் கொடுங்க" என்று நின்றால், தெரிந்த வக்கீல் யார் இருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். அதை இரண்டாவதாக யோசிக்கலாம். நான் பார்த்தவரை இல்லாதவர்களின் வழக்கு பாதி தோற்பது நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே. கெடு தாண்டிப் போயிருக்கும், எழுத்தில் எதுவும் இருக்காது, கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு இருக்காது. இதையெல்லாம் சரிசெய்யச் சட்டப் படிப்பு வேண்டாம், கூட உட்காரப் பொறுமையுள்ள ஒரு ஆள் போதும்.

முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள். சம்பளம் வராத வீட்டு வேலைக்காரப் பெண், சம்பளத்தில் ஆரம்பிக்க மாட்டார், தன்னைத் திட்டிய பேச்சில்தான் ஆரம்பிப்பார், ஏனென்றால் வலி அங்கேதான் இருக்கிறது. பேசி முடிக்கட்டும். அப்புறம் தேதிவாரியாக எழுதத் தொடங்குங்கள். "தேதியெல்லாம் ஞாபகமில்லையே" என்பார். குழந்தைக்கு அப்போது எத்தனை மாதம், பள்ளி திறந்துவிட்டதா, மழைக்கு முன்பா பின்பா என்று கேட்டுப் பாருங்கள், தானாக வரும். எழுதுவது இப்படி இருக்கட்டும்:

மார்ச் 3: வேலையில் சேர்ந்தேன்.
ஜூன் 10: இரண்டு மாதச் சம்பளம் கேட்டேன், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்.
ஜூலை 12: இனி வர வேண்டாம் என்றார். சமையல் செய்பவர் பக்கத்தில் நின்று கேட்டார்.

"கொடுமைப்படுத்தினார்", "ஏமாற்றினார்" எல்லாம் வேண்டாம். யார், எப்போது, என்ன சொன்னார், யார் கேட்டார், அவ்வளவுதான். எழுதியதை அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "இல்ல, அது அதுக்கு அடுத்த நாள்" என்று ஒரு இடத்திலாவது திருத்துவார். அந்தத் திருத்தம் இப்போதே நடந்துவிட வேண்டும், குறுக்கு விசாரணையில் நடந்தால் ஆளையே பொய்யர் ஆக்கிவிடுவார்கள்.

நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள், உறையோடு. உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், ஆனால் அஞ்சல் முத்திரையில் இருக்கும் தேதி சில சமயம் உள்ளே இருக்கும் கடிதத்தைவிடப் பெரிய சாட்சி. வீட்டைக் காலி செய், மேல்முறையீடு செய் என்கிற மாதிரிக் காகிதங்களுக்குக் கெடு சில நாட்களே இருக்கலாம், அதனால் அதைக் கையில் வாங்கிய அன்றே சட்ட உதவி அலுவலகத்தில் "இதற்கு எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். கைது, சம்மன் என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது, அதே நாளில் வக்கீல்தான்.

இலவச வக்கீல் கேட்பது பிச்சை இல்லை. 1966-ல் ஐ.நா. ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14-வது உறுப்பு, குற்ற வழக்கில் சிக்கியவரிடம் பணம் இல்லாவிட்டால், நீதியின் பொருட்டுத் தேவைப்படும்போது, கட்டணமின்றி வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தின் மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரும் இலவசம், இதைக் கேட்கத்தான் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கிடியன் என்பவர் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுதான், 1963-ல் அந்த நாட்டில் பெரிய குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற தீர்ப்பைக் கொண்டுவந்தது. சொத்து, சம்பளம், குடும்பம் மாதிரி சிவில் விஷயங்களில் விதி நாட்டுக்கு நாடு மாறும், அதனால் யார் யாருக்குத் தகுதி என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இலவச வக்கீல் தர முடியாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே சிலர் மனம் மாறுவதும் உண்டு.

எந்த மனுவும் இரண்டு நகல். ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ கூடாது, யார் கேட்டாலும். அசல் ஆவணங்கள் அவரிடமே இருக்கட்டும், நீங்கள் நகல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் பேசலாமா என்பார்கள். சம்பளப் பாக்கி, எல்லைத் தகராறு என்றால் பேசலாம், வருடக்கணக்கில் அலைவதைவிட நல்லது. அடி, மிரட்டல் இருக்கும் இடத்தில் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள், பயந்தவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

வக்கீல் அல்லாதவர் இதில் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மலாவியில் 2000-ல் இருந்து பயிற்சி பெற்ற சட்ட உதவியாளர்கள் சிறைக்குள்ளேயே போய், ஜாமீன் கேட்பது எப்படி என்று கைதிகளுக்கு நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். சியரா லியோன் 2012-ல் இப்படிப்பட்டவர்களைச் சட்டத்திலேயே அங்கீகரித்தது. ஒன்று மட்டும், ஜெயித்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வாய்தாவுக்கு முந்தைய நாள் மாலை ஒரு போன் போடுங்கள். நாளைக்குக் கூலி போகுமே, என்ன செய்யப் போகிறார், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா? அன்றைய விசாரணை முடிந்து வெளியே வந்ததும், வராந்தாவிலேயே நின்று அடுத்த தேதியை அவர் கையால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதென்றால் அவர் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிடுங்கள்.