கருமந்தியின் கறுப்பு சாம்பலாக வந்த கதை

நான் வரைந்த நீலகிரிக் கருமந்தி ஓவியத்தை சதுர மீட்டருக்கு 310 கிராம் எடையுள்ள, பளபளப்பில்லாத (மேட்) பருத்தித் தாளில் அச்சிட்டால், உடம்பின் கறுப்பு ரோமம் முழுக்க சாம்பல் பூத்த மாதிரி வந்தது. தலையின் பழுப்பு மட்டும் சரியாக இருந்தது. மானிட்டரை கேலிபரேட் செய்தேன், தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் சரியாக வர உதவும் கோப்பு) மறுபடி இறக்கினேன், பிரிண்டரில் மை பீச்சும் நாசிலைச் சுத்தம் செய்ததில் மை வீணானதுதான் மிச்சம். நாலு நாள் போயிற்று.

அப்புறம்தான் மை அளவு காட்டும் திரையைக் கவனித்தேன். மேட் தாளுக்கான கறுப்பு மையான மேட் பிளாக் அசையவே இல்லை, பளபளப்புத் தாளுக்கான போட்டோ பிளாக் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ப்ரொஃபைல் சரிதான், ஆனால் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் தாள் வகை பளபளப்புத் தாள் என்றே இருந்தது, எந்தக் கறுப்பு மை இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான்! போட்டோ பிளாக் மேட் தாளில் அடர்த்தியாக விழாது. தாள் வகையை மாற்றி அச்சிட்டதும் ரோமம் இழை இழையாகத் தெரிந்தது. அப்பாடா.