எத்தனை மருத்துவச்சிகள் வேண்டும்? வேலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி எல்லாரும் சேர்த்து 4.45 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்ன அளவு நாடு முழுவதையும் பார்க்க உதவும். உகாண்டாவின் ஒரு கிராமப்புற சுகாதார நிலையத்துக்கு எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. அதற்கு, வேலைப்பளுவை வைத்து ஆள் தேவையைக் கணக்கிடும் அதே நிறுவனத்தின் 'விஸ்ன்' (WISN) முறைதான் சரி.

முதலில் ஒருவருக்கு உண்மையில் கிடைக்கும் வேலை நேரம். வருடத்துக்கு 260 வேலை நாள், அதில் விடுப்பு, பண்டிகை, பயிற்சி, நோய் என்று 50 நாள் போனால் 210. தினம் 8 மணி என்றால் 1,680 மணி. அப்புறம் ஒரு கர்ப்பகால பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய எவ்வளவு நேரம் என்று அங்கே வேலை செய்பவர்களிடமே கேளுங்கள், தலைநகரில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். 20 நிமிடம் என்றால் ஒருவர் வருடத்துக்கு 5,040 பேரைப் பார்க்கலாம். பதிவேட்டில் 12,600 வருகை இருந்தால் 2.5 பேர் தேவை. பதிவேடு எழுதுவது, கூட்டம் போன்றவற்றுக்கு நேரத்தில் 20 சதவீதம் போகுமென்றால் மீதி 80 சதவீதமே பரிசோதனைக்குக் கிடைக்கும்; அதனால் அந்த 2.5-ஐ 1.25-ஆல் (1 ÷ 0.8) பெருக்குங்கள், 3.1 வரும். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் இதேபோல் தனித்தனியாகப் போட்டு, கூட்டியபின் பெருக்கலாம்.

இருப்பவர்களைத் தேவையால் வகுத்து, ஒன்றுக்குக் கீழே வந்தால் பற்றாக்குறை. எண் மிகக் குறைவாக வரும் நிலையத்துக்கே முதலில் ஆள் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: மருந்து இல்லாமலோ தூரத்தாலோ வராமல் போன பெண்கள் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள், அதனால் கூட்டம் குறைவாக உள்ள இடத்தில் ஆளைக் குறைக்கும் முன் அந்தப் பகுதியில் நடக்கும் பிறப்புகளையும் பாருங்கள்.